இளக்கம் அறிந்த இரும்பு

ஊசி துணிக்குள் இறங்குவதை எல்லாரும் பார்க்கிறோம். அது அடிவரை போய் மேலே திரும்புகிற முதல் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டரை யாரும் பார்ப்பதில்லை. தகட்டுக்குக் கீழே நடப்பதால் பார்க்கவும் முடியாது. தையல் பிறப்பது அங்கேதான்.

ஒரு மெசின் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் கண்வரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும். மறுபக்கத்தில் கண்ணுக்குச் சற்று மேலே மட்டும் ஒரு சின்னச் செதுக்கல் இருக்கும். ஊசி இறங்கும்போது நூல் நீளப் பள்ளத்துக்குள் ஒளிந்துகொண்டு போகிறது. துணி அதை உரசுவதில்லை. திரும்பி ஏறும்போது பள்ளத்தில் கிடக்கிற நூல் ஊசியோடு வழுக்கி ஏறிவிடும். மறுபக்கத்து நூலைத் துணி விடாது. ஏறவும் வழியில்லாமல் இறங்கவும் வழியில்லாமல் அது பக்கவாட்டில் ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது. அதே கணத்தில் தகட்டுக்குக் கீழே சுழல்கிற ஷட்டிலின் கூர்நுனி வந்து, ஊசியின் செதுக்கலை ஒட்டியும் ஒட்டாமலும் கடந்து, அந்த வளையத்துக்குள் நுழைகிறது. நுனிக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு கடதாசித் தாளின் பருமன்தான் வெளி. பிறகு ஷட்டில் வளையத்தை அகட்டி, கீழ்நூல் இருக்கிற பொபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மேலே இருக்கிற நூல் இழுக்கும் கை எழும்பி மிச்சத்தைச் சுண்டி இழுக்க, ஒரு தையல் முடிகிறது.

நான் இதில் ரசிப்பது இறுக்கத்தையல்ல. நூல் ஒரு கணம் தளராவிட்டால் வளையம் இல்லை. வளையம் இல்லாவிட்டால் தையல் இல்லை. இந்தக் கறுத்த இரும்புத் தலைக்குள் மனிதர் யோசித்து யோசித்து வைத்த நுட்பம் எல்லாம், எந்த இடத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைப் பற்றியது.

எலியாஸ் ஹோவே 1846இல் இந்தப் பூட்டுத்தையலுக்குக் காப்புரிமை வாங்கினார். ஈட்டி முனையில் துளையைக் கனவில் கண்டு, ஊசியின் கண்ணை நுனிக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை அழகுதான். ஆனால் 1830களிலேயே நியூயோர்க்கில் வால்டர் ஹண்ட் என்பவர் நுனியில் கண் வைத்த ஊசியால் தைத்துக் காட்டிவிட்டு, காப்புரிமை எடுக்காமல் இருந்துவிட்டார். ஐசாக் சிங்கரின் காப்புரிமை 1851இல் வந்தது. அவர் பெயரில் ஓடிய நிறுவனம் 1877இலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. தவணைக்குக் கொடுத்துக் கொடுத்தே அது உலகத்தின் திண்ணைகளுக்குள் புகுந்தது.

அந்தத் திண்ணைகளில் சில முரசுமோட்டையிலும் உண்டு. அது பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ-35 வீதியில் இருக்கிற ஊர். இரணைமடுத் தண்ணீரில் விளைகிற வயல்கள். யுத்த காலத்தில் இந்த வன்னிப் பகுதிக்கு மின்சாரம் வரவில்லை. மோட்டர் பூட்டிய மெசின் அங்கே வெறும் பெட்டி. கால்மிதி மெசின்தான் மெசின். இன்று மின்கம்பி வந்துவிட்டது. என்றாலும் மிதிபலகையை விடாதவர்கள் இருக்கிறார்கள். பழமைப் பற்று என்று அதைத் தள்ளிவிட முடியாது. கழுத்து வளைவில் ஒரு தையல், இன்னொரு தையல், நிற்பாட்டு என்று வேகத்தைக் கால் அளந்து கொடுக்கிற அளவுக்கு மலிவு மோட்டர் அளந்து கொடுப்பதில்லை.

அந்த மிதியிலேயே ஒரு நயம் இருக்கிறது. கீழ்ச் சக்கரம் பெரிது, மேல் சக்கரம் சிறிது. ஒரு மிதிக்குப் பல தையல் விழுகிறது. இரண்டையும் இணைப்பது ஒரு தோல் பட்டி. அது நழுவாத அளவுக்கு இறுகினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் மேல் சக்கரத்தின் அச்சை ஒருபக்கமாக இழுத்து, கால் கடுக்கப் பண்ணிவிடும். தோல் நாளடைவில் நீளும். அரை அங்குலத்தை வெட்டி, கம்பிக் கொக்கியைத் திரும்பக் கோர்த்தால் சரி. பழகுகிற பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் சக்கரத்தைப் பற்றித்தான்:

“பிள்ளை, சக்கரத்தைக் கையால உன்ர பக்கமாத் திருப்பிப்போட்டு மிதி. மற்றப் பக்கம் சுத்தவிட்டாய் எண்டால் அடியில நூல் சிக்கிப்போடும்.”

“தன்பாட்டில பின்னுக்குப் போகுது அக்கா.”

“அது போகும். நீ விடாதை.”

மேல் நூல் போகிற பாதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் டென்ஷன் தட்டுகள். முதுகை முதுகு பார்த்தபடி வளைந்த இரண்டு சின்ன வட்டத் தகடுகள். வெளியே ஒரு சுருள்வில். அதற்கு மேல் விரலால் திருகுகிற ஒரு மரை. நூல் இரண்டு தகட்டுக்கும் நடுவே போகிறது. தகடுகள் அதை நசுக்குவதில்லை, போகாதே என்று தடுப்பதும் இல்லை. மெல்லப் போ என்கின்றன. துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்கினால் தகடுகள் தாமாகவே அகன்று நூலை விட்டுவிடும். தைத்த துணியை வெளியே எடுக்கும்போது நூல் இலகுவாக வருவது அதனால்தான். ஆகவே, மேல் நூல் கோர்க்கும்போது பாதம் தூக்கியே இருக்க வேண்டும். பாதத்தை இறக்கிவைத்துவிட்டுக் கோர்த்தால் மூடிய தகடுகளுக்குள் நூல் நுழையாது. மேலே சும்மா கிடக்கும். தைத்தால் துணிக்கு அடியில் நூல் குவியும்.

இங்கேதான் வீட்டில் தைக்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அடியில் குவிந்ததைக் கண்டதும் திருப்புளியை எடுத்து அடியைக் கிண்டுவார்கள். குற்றம் மேலே இருக்கும். அடியில் தெரிவது அதன் விளைவு மட்டும். மேலிருந்து இழுக்க ஆளில்லாமல் மேல் நூல்தான் கீழே வழிந்து குவிந்திருக்கிறது. நல்ல தையலில் இரண்டு நூலும் துணியின் பருமனுக்கு நடுவில் பூட்டிக்கொள்ளும். கயிறிழுத்தலில் இரண்டு பக்கமும் சமபலம் என்றால் முடிச்சு நடுக்கோட்டை விட்டு அசையாது அல்லவா, அதுதான். மேலே கீழ்நூலின் பொட்டுகள் தெரிந்தால் மேல் நூலின் பிடி கூடிவிட்டது. கீழே மேல்நூலின் பொட்டுகள் தெரிந்தால் பிடி குறைந்துவிட்டது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று நூல் போட்டு ஒரு பழந்துணியில் தைத்துப் பார்த்தால், மெசின் தன் குறையைத் தானே சொல்லிவிடும்.

தகடுகளுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி வளைவு ஒவ்வொரு தையலுக்கும் ஒருமுறை துடிக்கும். பலர் அதை நூல் கொழுவுகிற கொக்கி என்று மட்டும் நினைப்பார்கள். ஊசி இறங்கத் தொடங்கியதும் நூல் தொய்கிறது. தொய்ந்த நூலை ஊசிமுனையே குத்திப் பிளந்துவிடக் கூடும். ஊசி துணிக்குள் நுழைகிறவரை அந்தத் தொய்வை வாங்கிவைத்திருந்துவிட்டு, பிறகு கொடுத்துவிடுவதே இந்தக் கம்பியின் வேலை. இது வளைந்தோ தளர்ந்தோ போனால் நூல் காரணமில்லாமல் அறும். நூற்கட்டையை மாற்றுவார்கள், ஊசியை மாற்றுவார்கள், கடைசியில் மெசினுக்கு வயதாகிவிட்டது என்பார்கள். கம்பிக்கு ஒருவரும் சந்தேகக் கண் வைப்பதில்லை.

கீழ்நூலின் பிடி பொபின் கேஸில் ஒட்டியிருக்கிற ஒரு வில்தகட்டில் இருக்கிறது. அதன் மேல் இருக்கிற இரண்டு திருகாணிகளில் பெரியதுதான் பிடியை மாற்றுவது. சின்னது தகட்டைப் பிடித்திருப்பது. பொபினைப் போட்டு, நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தன் பாரத்தால் அது இறங்கக் கூடாது. கையை மெல்ல ஒருமுறை சுண்டினால் இரண்டு மூன்று அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று கீழே போனால் தளர்வு. அசையவே மாட்டேன் என்றால் இறுக்கம். திருத்துவதற்குக் கால் சுற்றுத் திருகினால் தாராளம். பாயை விரித்துவைத்து அதன்மேல் திருகுவது புத்தி. அந்தத் திருகாணி நிலத்தில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது.

துணியை நகர்த்துகிற பற்களின் நடையையும் ஒருமுறை துணி இல்லாமல், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எழும்பும், தள்ளும், தாழும், கீழாலே திரும்பி வரும். இந்த நான்கு அசைவுக்கும் 1854இல் காப்புரிமை எடுத்தவர் ஆலன் வில்சன். ஊசி துணிக்கு வெளியே நிற்கிறபோது மட்டும்தான் பற்கள் துணியைத் தொடும். தைக்கிறவர் துணியைக் கையால் இழுத்தால் இந்த ஒழுங்கு குலைகிறது; ஊசி துணிக்குள் நிற்கையில் துணி நகர்ந்து, ஊசியை வளைத்து, தகட்டின் துவாரத்தில் முட்டவைக்கிறது. ஊசி உடையாவிட்டாலும் துவாரத்தின் விளிம்பில் ஒரு சிறு சிராய் எழும்பிவிடும். அதற்குப் பிறகு எந்த நூலைப் போட்டாலும் அறுந்துகொண்டிருக்கும். விரல்நுனியால் தடவினால் தெரியும். மென்மையான அரத்தாளால் தேய்த்துவிட்டால் போய்விடும்.

ஊசியைப் பற்றி ஒரு சொல். 14 அல்லது 90 என்று ஊசிக்கட்டில் இருந்தால், ஊசித்தண்டின் பருமன் 0.9 மில்லிமீட்டர் என்று பொருள். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் துணிக்கு 16 அல்லது 18. நூல் கோர்ப்பது எப்போதும் நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்து. ஊசியின் தலையில் தட்டையாக இருக்கிற பக்கம் அதற்கு எதிர்ப்பக்கம். திருப்பிப் பூட்டினால் வளையம் ஷட்டிலுக்கு முதுகுப்பக்கம் விழும். மெசின் ஓடும், தையல் விழாது. முழுவதும் மேலே ஏற்றாமல், சில மில்லிமீட்டர் குறைத்துப் பூட்டினால் தையல் பாயும். வளைந்த ஊசியைக் கண்ணாடிமேல் படுக்கவைத்து, அடியில் வெளிச்சம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். மெசின் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகிறவற்றில் பாதி, ஊசியை மாற்றினால் வீட்டிலேயே தீருகிறவை என்பது என் எண்ணம்.

முரசுமோட்டையில் மெசினுக்கு எதிரி தூசிதான். பெரும்போக அறுவடைக் காலத்தில் வெட்டுமெசின் வயலில் இறங்கிவிட்டால் உமித்தூசி வீட்டுக்குள் வரும். அது எண்ணெயோடும் நூல்பஞ்சோடும் சேர்ந்து, பற்களுக்கு இடையில் கம்பளித் துண்டாக இறுகிவிடும். பற்கள் எழும்புகிற உயரமே ஒரு மில்லிமீட்டர் அளவு. அதைப் பஞ்சு தின்றுவிட்டால் துணி நகராது. தகட்டின் இரண்டு திருகாணியைக் கழற்றி, பழைய பல் தூரிகையால் தட்டிவிட வேண்டும். வாயால் ஊதக் கூடாது. ஊதினால் தூசி உள்ளே போகும், எச்சில் ஈரமும் கூடப் போகும்.

எண்ணெய் வேறு கதை. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வன்னியில் மண்ணெண்ணெயே அளந்து பாவிக்கிற பொருள். மெசின் எண்ணெய் இல்லாத வீட்டில் கை தானாகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். அன்றைக்கு மெசின் பறக்கும். ஆனால் தேங்காயெண்ணெய் 24 பாகை அளவிலேயே உறைகிற சாதி. மார்கழி விடியலில் அச்சுக்குள்ளும் உறையும். நாளடைவில் காறி, பிசினாகி, மேல் சக்கரத்தைக் கையால்கூடச் சுற்ற முடியாமல் பண்ணும். அப்படிப் பிடித்துப்போன மெசினுக்கு மண்ணெண்ணெயே மருந்து. ஒவ்வொரு துவாரத்திலும் சில துளி விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் பொறுமையாக அசைத்துக்கொண்டிருந்தால் பிசின் கரைந்து கறுப்பாக வழியும். துடைத்துவிட்டு, தண்ணீர் நிறத்தில் இருக்கிற மெசின் எண்ணெயைத் துவாரத்துக்கு ஒரு துளி விட வேண்டும். தலையை மடக்கினால் கீழேயும் அசைகிற மூட்டுகள் இருக்கின்றன. அவற்றை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். 2018 டிசம்பரில் கண்டாவளைப் பக்கம் வெள்ளம் ஏறியதைப் போன்ற வேளைகளில் நனைந்த தலைக்கும் இதே மருந்துதான், ஆனால் அன்றைக்கே. ஒரு கிழமை விட்டால் துரு அச்சுக்குள் குடியேறிவிடும்.

எண்ணெய் விட்ட கையோடு வெள்ளைத் துணியை மட்டும் தொடக் கூடாது. 1993இலிருந்து அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுத்துவருகிறது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டும் கொடுத்தது. முதலாம் தவணை தொடங்குவதற்கு முன் ஊர் மெசின்கள் எல்லாம் வெள்ளையில்தான் ஓடும். ஊசித்தண்டிலிருந்து இறங்குகிற ஒரு துளி, பெண்பிள்ளையின் கவுண் மடிப்பில் ஆண்டு முழுவதும் நிற்கும். நூல் இல்லாமல் கொஞ்சம் ஓட்டி, பிறகு நூலோடு ஒரு பழஞ்சீலைத் துண்டில் ஓட்டி, பொட்டு விழவில்லை என்று கண்டபிறகே சீருடைக்குப் போக வேண்டும்.

தலையைப் பலகையோடு பிணைத்திருப்பது பின்னால் இருக்கிற இரண்டு பிணைச்சல். ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணி. அவற்றை இளக்கினால், பத்துக் கிலோவுக்கு மேல் பாரமான அந்தத் தலை தனியாகக் கைக்கு வரும். இரும்புக் கால் அங்கேயே நிற்கும். 2009 தை மாதம் வரை எத்தனையோ தடவை பெட்டி கட்டிப் பழகிய ஊர்களில் அந்த இரண்டு திருகாணியின் அருமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பியபோது பலருக்கு மெசின் இல்லை. மீள்குடியேற்றத்துக்குப் பின் வாழ்வாதார உதவி என்று புதிய மெசின்கள் வந்தன, கூடுதலாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு. மெசின் கொடுத்த வேகத்தில் அதைப் பராமரிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது என் மனக்குறை. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தபிறகு, மணிக்கணக்காக மின்வேகத்தில் தைத்துவிட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. அங்கே மெசின் நின்றால் மெக்கானிக் வருவார். வீட்டில் நின்றால் நாங்கள்தான்.

உதிரிப்பாகம் தேடுகிறவருக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. சிங்கரின் 15ஆம் வகைத் தலையை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் யப்பான் அப்படியே பின்பற்றியது. சீனத்துப் பட்டர்பிளை மெசினும் அந்த வழி. அதனால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் 1950களில் வார்த்த சிங்கர் தலைக்கும் இன்று கிளிநொச்சிக் கடையில் தொங்குகிற பொபினும் பொபின் கேஸும் பெரும்பாலும் பொருந்தும். பெரும்பாலும்தான். கேஸின் முகத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற விரல், சிலவற்றில் கடிகாரத்தின் 11 மணிப் பக்கம் சரிந்திருக்கும். சிலவற்றில் 1 மணிப் பக்கம். மாறிப்போனால் கேஸ் உள்ளே சரியாக அமராது, ஊசி அதன்மேல் குத்தும்.

“அண்ணை, இதே மாதிரி ஒண்டு தாங்கோ,” என்று பழைய கேஸைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, அவர் எடுத்துத் தருகிறதை அதற்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு விரலும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பார்த்தபிறகு காசைக் கொடுங்கள்.