ஊர்க்காரர் எங்கே?

வெளிநாட்டு சேவை முகாம்களுக்குப் போய்வந்தவர்களின் கட்டுரைகளில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: ஊர்க்காரர் வாயே திறப்பதில்லை. திறந்தாலும் நன்றி மட்டும் சொல்வார்.

1920இல் பிரான்சின் வெர்டன் அருகே, முதல் உலகப்போர் தரைமட்டமாக்கிய எஸ்ன் கிராமத்தில் சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரசோல் தொடங்கியதுதான் இத்தகைய முகாம்களின் ஆரம்பம். வீடு கட்ட ஜெர்மானியர்களும் வந்தார்கள். அவர்கள் இருக்கக் கூடாதென்று உள்ளூரில் எதிர்ப்பு கிளம்ப, 1921இல் முகாம் கலைந்தது.

இதைத் தோல்வின்னு ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். எனக்கென்னவோ கதையே அங்கேதான் ஆரம்பிக்குதுன்னு தோணுது. பிள்ளையைப் போரில் பறிகொடுத்த வீட்டு வாசலில் எதிரி நாட்டான் சுத்தியலோடு வந்து நின்றால், உடனே காபி போட்டுக் கொடுக்கணுமா என்ன? அந்தக் கோபத்துக்கு இடமில்லாத எழுத்து, எவ்வளவு நல்ல மனசோடு எழுதினாலும், சுற்றுலாக் குறிப்புதான்.

செரசோல் 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு பீகாருக்கும் வந்தார். அங்கே வீடிழந்த ஒருவர் இவரைப் பார்த்த கதையைத்தான் நான் படிக்கணும்.