பாதி வந்த ஃபைலை ஏன் அழிக்கணும்?

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்வது விழுப்புரத்தில், நண்பர் வீட்டில். சேர்த்துவைப்பது திண்டிவனத்தில், என் வீட்டுக் கணினியில். ரயிலில் பென்டிரைவோடு போய்வரும் தூரம்தான். ஆனாலும் டெர்மினலில் ஆர்சிங்க் கட்டளை கொடுத்துவிட்டுத் தூங்கப் போவது சுகம்.

போன மாதம் 6 ஜிபி ஃபைல் ஒன்றை இழுக்க விட்டேன். விடிகாலையில் நெட் போச்சு. எழுந்து பார்த்தால் ஃபோல்டர் காலி. பாதியாவது இருக்கணுமே? இல்லை. இணைப்பு அறுந்தால், அதுவரை வந்ததை அழித்துவிடுவதுதான் ஆர்சிங்கின் டிஃபால்ட்.

1986-இல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம் நினைவுக்கு வந்தது. டெலிபோன் லைன் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும் காலம். அறுந்த இடத்திலிருந்து தொடரும் வசதி அதில் இருந்தது. பத்து வருஷம் கழித்து, 1996-இல் வந்த ஆர்சிங்க் அதைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும். அப்படிப்பட்டது பாதியைத் தூக்கிப் போடுவானேன்?

அதன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பாதி ஃபைலை முழு ஃபைல் என்று நாம் நம்பிவிடக் கூடாது. அதனால்தான் மறைவான தற்காலிகப் பெயரில் எழுதி, முழுசாக வந்தபிறகே சரியான பெயர் வைக்கிறது. 'பார்ஷியல்' ஆப்ஷன் கொடுத்தால் பாதி தங்கும். ஆனால் சரியான பெயரிலேயே தங்கும். ஏற்கெனவே அதே பெயரில் நல்ல பிரதி இருந்தால் அதன் இடத்தில் அரைகுறை வந்து உட்கார்ந்துவிடும். வலைத்தளங்கள் பலவற்றில் 'பெரிய P போடுங்க, போதும்' என்று சொல்லிக்கொடுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. இதை எச்சரிக்காமல் விடுவது தப்பு.

'பார்ஷியல் டிர்' என்ற ஆப்ஷன்தான் சரி. அரைகுறையைத் தனி ஃபோல்டரில் வைத்து, அடுத்த முறை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இதை பாஷ்ஆர்சி ஃபைலில் ஒரு ஏலியாஸாகப் போட்டுவைத்தேன். கூடவே டைம்அவுட் 60 விநாடி. டிஃபால்ட்டில் அது 0, அதாவது செத்துப்போன இணைப்புக்காக எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். பகலில் ஓட்டினால் வேகத்துக்கும் ஒரு வரம்பு, இல்லாவிட்டால் வீட்டில் யாரும் வீடியோ கால் பேச முடியாது. சுருக்கி அனுப்பும் 'இசட்' ஆப்ஷனை எடுத்துவிட்டேன். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை.

இத்தனையும் மேனுவலில் இருக்கிறது. ஆனால் எங்கே? நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்ஷன்களுக்கு நடுவே. நெட் அடிக்கடி போகும் ஊர்க்காரருக்கு இதுதான் முதல் பக்கத்தில் இருக்கவேண்டியது.

நேற்று இரவு அதே 6 ஜிபி இரண்டு முறை அறுந்து, மூன்றாவது ஓட்டத்தில் முழுசாக வந்தது. ஒவ்வொரு முறை தொடரும்போதும் வந்த பாதியை முதலிலிருந்து படித்துச் சரிபார்க்கிறது. என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கே சில நிமிடம். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.