பிரம்பு போயிற்று, பரிவு வந்ததா?

“கண் இரண்டை விட்டுவிட்டுத் தோலை உரித்தெடுங்கள், ஐயா!”

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தந்தை, ஆசிரியருக்கு எழுதித் தரும் பட்டயம் இது. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் இன்றும் இதைக் கேட்கிறோம். “அடியாத மாடு படியாது”, “அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்” என்பன இதன் உடன்பிறப்புகள். பழமொழியாயிற்றே, பழிக்கலாமா என்பர் சிலர். மாட்டுக்கும் மாணவனுக்கும் ஒரே மருந்து என்று கூறும் மொழி, எத்துணைப் பழையதாயினும் எறியத்தக்கதே!

திண்ணைப் பள்ளியில் கோதண்டம் இருந்தது, அண்ணாந்தாள் இருந்தது, சட்டாம்பிள்ளையின் பிரம்பும் இருந்தது. கயிற்றைப் பற்றித் தொங்கிய சிறுவன் கற்றது எதனை? இலக்கணத்தையா, எண்சுவடியையா? அச்சத்தைக் கற்றான்! அஞ்சியவன் அடங்குவான், அடங்கியவன் கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேளாத தலைமுறை யாருக்குத் தேவைப்பட்டது என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டில் கல்வி விதியைத் திருத்தி உடல் தண்டனையை நீக்கியது 2003-ஆம் ஆண்டில். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில், மாணவர் உள்ளத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்தது. ஆயினும் 2024-ஆம் ஆண்டிலும் அதைச் செயற்படுத்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது! காரணம் என்ன? ஆசிரியரின் கையிலிருந்து பிரம்பைப் பறித்தது சட்டம். வெறுமையான அந்தக் கையில் வேறு கருவி எதனையும் வைத்தாரில்லை.

2022-இல் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். மாணவர் சிலர் ஆசிரியரை மிரட்டும் காட்சிகள் கைப்பேசிகளில் பரவின. ஒழுங்கீனமாக நடப்போரை நீக்கி, நீக்கியதன் காரணத்தை மாற்றுச் சான்றிதழிலேயே பொறிப்போம் என்று அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தார். ஆசிரியரின் அச்சம் பொய்யன்று. அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் தனித்து நிற்பவரின் நிலையை நாம் அறிவோம். எனினும் கேட்கிறோம்: தொடக்கக் கல்வி முடியுமட்டும் எந்தப் பிள்ளையையும் நீக்கலாகாது என்கிறதே அதே கல்வி உரிமைச் சட்டம்! அதற்கு மேல் வகுப்பில் பயில்பவனாயினும், நீக்கப்பட்டவன் எங்கே போவான்? செங்கல் சூளைக்குப் போவான். பிரம்படியின் தழும்பு ஒரு திங்களில் ஆறும். சான்றிதழில் விழுந்த தழும்பு ஆறுமோ?

விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டு வந்து வகுப்பில் உறங்கி விழுபவனை நாம் ‘சோம்பேறி’ என்கிறோம். குடித்துவிட்டுத் தந்தை ஆடும் வீட்டிலிருந்து வந்து சீறுபவனை ‘முரடன்’ என்கிறோம். பேச்சற்று ஒடுங்கும் பெண்ணை வீட்டார் மந்திரிக்க அழைத்துச் செல்கின்றனர். பெயர் சூட்டியாயிற்று, திருநீறு பூசியாயிற்று, “என்னம்மா துன்பம்?” என்று கேட்டவர் எவர்?

நாங்குநேரியை மறந்தோமா? 2023 ஆகஸ்டில், உடன் படித்தோரின் சாதித் தொல்லை தாளாது பள்ளிக்கு வராதிருந்த மாணவனை, அவன் வீடு புகுந்து வெட்டினர் அந்த மாணவர்களே. தடுத்த தங்கைக்கும் வெட்டு! வெட்டுண்டவனும் மாணவன், வெட்டியவரும் மாணவர். வருகைப் பதிவேடு அவன் வராததைக் குறித்தது. வராமைக்கான வேதனையைக் குறிக்க அதில் இடமேது? மணிக்கட்டில் சாதிக் கயிறு கட்டிவிட்ட ஊரை விட்டுவிட்டு, கட்டிக்கொண்ட சிறுவனை மட்டும் நீக்கினால் ஒழுங்கு வந்துவிடுமோ?

ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. நடமாடும் ஆலோசனை ஊர்திகள் பத்து விட்டனர்; அன்றைய மாவட்டங்களோ முப்பத்திரண்டு! 14417 என்னும் தொலைபேசி எண்ணும் வந்தது. ஆனால் உள்ளம் உடையும் நேரத்தை ஊர்தியின் பயணப்பட்டியல் அறியுமா? நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாம் வேண்டுவதும் அதுவே: பள்ளியிலேயே இருந்து, பாடம் நடத்தாமல், மதிப்பெண் இடாமல், செவி கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட பயிற்சி பெற்ற ஒருவர்.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். சுவருக்கு வண்ணம் பூசினீர்களா என்பதோடு நில்லாமல், சிறுவர் சொல் கேட்க ஆள் உண்டா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை, ஒழுங்கைப் பற்றிப் பேசும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை!