ஏட்டுச் சுரைக்காயும் எங்களூர் ஏலக்களமும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் கல்யாண மகாலைக் கண்டு வியப்பர். இராசகிரியின் உச்சியை அண்ணாந்து நோக்கி மலைப்பர். தேசிங்கு மன்னன் கதை கேட்டுக் கண் கலங்குவர். நெற்களஞ்சியத்தின் முன் மட்டும் எவரும் நெடுநேரம் நிற்பதில்லை. 1690 தொடங்கி 1698 வரை மொகலாயப் படையின் முற்றுகையைக் கண்ட கோட்டை இது. வீரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வீரனுக்கும் வயிறு உண்டே! அந்தக் களஞ்சியத்தை நிரப்பிய நெல் எந்த வயலில் விளைந்தது? உழுதவன் யார்? அளந்து கொடுத்தபின் அவன் குடிசையில் எஞ்சியது எத்தனை மரக்கால்? 2025-இல் யுனெசுகோ நிறுவனம் மராட்டியர் படைத்தள வரிசையில் இக்கோட்டையையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மகிழ்ச்சிதான். மன்னர் பெயரைத் தேடியவர்கள் களஞ்சியத்தின் கணக்கையும் தேடியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

அந்தக் கணக்குத்தான் பொருளாதாரம். அதனை நம் மாணவர்க்கு எப்படி அறிமுகம் செய்கிறோம்?

மேனிலை முதலாண்டுப் பாடநூலைத் திறந்து பாருங்கள். வாயிலிலேயே நான்கு அறிஞர்கள் நான்கு இலக்கணங்களோடு நிற்கிறார்கள். ஆதம் சுமித் செல்வம் என்கிறார். மார்சல் நலம் என்கிறார். இராபின்சு பற்றாக்குறை என்கிறார். சாமுவேல்சன் வளர்ச்சி என்கிறார். அடுத்து வளைகோடுகள். இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டுப் பொருளாதாரமும் பின்னால் வருகின்றன. தமிழ்நாட்டிற்கென ஓர் இயல் ஒதுக்கியிருப்பது பாராட்டத்தக்கதே. ஆனால் அதை அடைவதற்குள் மாணவன் களைத்துவிடுகிறான். மனப்பாடம் செய்யும் பழக்கம் அவனைப் பற்றிக்கொள்கிறது. வேதத்தைப் பொருள் அறியாமல் ஓதுவதைப் பழிக்கும் நாம், தேவை விதியைப் பொருள் அறியாமல் ஓதச் செய்வதற்கு என்ன பெயர் வைப்பது?

எங்கள் ஊரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் ஆயிரக்கணக்கில் நெல் மூட்டைகள் வந்து குவியும். வணிகர் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பார். ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று நோக்குவார். தம் விலையைக் குறித்துக் கொடுப்பார். மறைமுக ஏலத்தில் உயர்ந்த விலை வென்றாக வேண்டும். விலை பிடிக்காவிட்டால் உழவர் மறுக்கலாம் என்று விதி சொல்கிறது. கடன்காரன் வீட்டு வாசலில் காத்திருக்கும்போது அந்த உரிமைக்கு எவ்வளவு மதிப்பு? தேவையும் அளிப்பும் அங்கே கோடுகளாக இல்லை, வியர்வையோடு நிற்கின்றன. இத்தகைய அங்காடிகளுக்கு வழி வகுத்த சென்னை மாகாணச் சட்டம் 1933-இல் வந்தது. பெரும் பொருளாதார மந்தம் விளைபொருள் விலையைத் தரைமட்டமாக்கிய காலம் அது. அன்று தென்னார்க்காட்டின் மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. அங்கே விலை சரிந்தால் இங்கே அடுப்பு அணையும். பன்னாட்டு வாணிகம் என்ற இயலை இதைவிடத் தெளிவாக எந்த ஏடு நடத்தும்?

‘இப்படியெல்லாம் வகுப்பறையில் கற்பிக்க இயலுமா?’ என்று கேட்போருக்கு விடை நூறாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்சுபோர்டில் தொழிலாளர் பயில்வதற்கென ஏற்பட்ட இரசுகின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூற்றைப் பற்றி 1924-இல் அவர் எழுதிய நூலை நம் தோழர் பலர் அறிவர். அவர் வகுப்பறையை அறிந்தவர் சிலரே. தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கே அனுப்பினார் அவர். நிலம் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டு வரச் செய்தார். அவர்கள் கொண்டுவந்தவையே 1918-இல் ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ என்ற பொருளில் ஆங்கில நூலாயிற்று. அதில் எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டும் இடம்பெற்றது. கடனுக்குக் கட்டுண்டு உழைத்த படியாள்களைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர், இங்கிலாந்தின் ஆலைகளை விட்டுவிட்டு, எங்கள் ஊர் வரப்பிலிருந்து பாடத்தைத் தொடங்கினார்!

இருந்தும் அந்நூலைக் குறையற்றது என்று நான் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டேன். அந்த மாணவர்கள் யாருடைய திண்ணையில் அமர்ந்து கேட்டார்கள்? பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது 1916-ஆம் ஆண்டின் இறுதியில். கல்லூரி வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. சேரியிலிருந்து கல்லூரிக்குச் சென்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். படியாளைப் பற்றி எழுதினார்கள்; படியாளின் மகன் எழுதவில்லை. கேட்பவன் யார் என்பது மாறினால் கிடைக்கும் கணக்கும் மாறும்.

நல்லவேளையாக, இருவேல்பட்டை ஆய்வுலகம் மறக்கவில்லை. 1936-37-இல் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருட்டிணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மீண்டும் ஆராய்ந்தனர். எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும் எழுதிய கட்டுரை 1983-இல் வந்தது. 2008 வரையிலான மாற்றங்களை ஜான் ஹாரிசும் ஜெ. ஜெயரஞ்சனும் கே. நாகராஜும் 2010-இல் எழுதினர். ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர், அந்தப் பிடி தளர்ந்து, உழைப்பாளர் வேறு வேலைகளையும் நாடக்கூடிய ஊராக மாறிய வரலாறு அதில் தெரிகிறது. ஒரு நாட்டின் பொருளாதாரம் என்பதை ஓர் ஊரின் நூறாண்டில் காட்டிவிடலாம். இவ்வளவும் ஆங்கிலத்தில் கிடக்கிறது. தமிழ் மாணவனுக்கு ஒரு சிறு நூலாக இதைத் தர யாருக்கும் தோன்றவில்லையே!

பிறரைக் குறை சொன்ன நான் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லேட்டரைப் படித்த உற்சாகத்தில், என் வகுப்பு மாணவர்க்கு ஒரு வினாத்தாள் தயாரித்துக் கொடுத்தேன். முதல் வினா, ‘உங்கள் குடும்பத்திற்கு நிலம் எவ்வளவு?’ இரண்டாவது, ‘தந்தையின் தொழில் என்ன?’ காலனியிலிருந்து வரும் ஒரு மாணவி இரண்டையும் வெறுமையாக விட்டுவிட்டாள். தாளின் பின்புறத்தில் மட்டும் எழுதியிருந்தாள்: நடவுக்குச் சென்ற அம்மாவுக்கு என்ன கூலி, அதே வயலில் அண்டை கழித்த ஆணுக்கு என்ன கூலி, இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு. கீழே ஒரு கேள்வி: ‘இந்த வேறுபாடு தேவை, அளிப்பு விதியால் வருவதா ஐயா?’

நூறாண்டு கழித்தும் நான் திண்ணையில் அமர்ந்தே வினாத்தாள் எழுதியிருக்கிறேன். முதல் வினாவை அடித்துவிட்டு, ‘நேற்று உங்கள் வீட்டில் உழைத்தவர் யார் யார்? கிடைத்தது என்ன?’ என்று மாற்றினேன். அவள் கேட்ட கேள்விக்கே மறுநாள் வகுப்பு முழுவதும் சென்றது. வளைகோட்டுப் பாடம் ஒரு வாரம் தள்ளிப் போயிற்று.