கோட்டை என்றொரு சொல்

தேர்தல் வந்துவிட்டால் நம் ஏடுகளின் எழுதுகோல் மன்னர் காலத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஊர் கோட்டையாகிறது, வேட்பாளர் படைத்தலைவராகிறார், வாக்கு எண்ணும் கூடம் போர்க்களமாகிறது, வென்றவர் தலையில் வாகை சூட்டப்படுகிறது. முடியரசு மாய்ந்தது என்று மேடைதோறும் முழங்கும் நம் தோழர்களும், "இது கழகத்தின் கோட்டை" என்று சுவரில் எழுதத் தயங்குவதில்லை. கோட்டைக்குள் அடைபட்டுக் கிடப்பவனுக்குக் கருத்து ஏது? கதவைத் திறந்தால் வருவான், மூடினால் கிடப்பான். குடிமகனைக் குறிக்க இப்படியொரு சொல்லா?

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லித் தொகுதிகளைப் பற்றி வெளிவரும் தேர்தல் கட்டுரைகளில் இந்தக் 'கோட்டை'யும், அதன் இணைபிரியாத் தோழனான 'சாதிக் கணக்கு'ம் தவறாது தலைகாட்டுகின்றன. நடந்தவற்றை வைத்து இரண்டையும் உரைத்துப் பார்ப்போம்.

2008ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்புக்குப் பின், 2011 சட்டமன்றத் தேர்தலில் இம்மூன்றிலும் அ.தி.மு.க. வென்றது. 2016இலும் மூன்றிலும் அதே கட்சி. கோட்டை என்றார்கள். 2021இல் மூன்றிலும் தி.மு.க. வென்றது. உடனே அதே எழுதுகோல் அதே ஊர்களை மற்றொரு கட்சியின் கோட்டை என்று எழுதிற்று! மதிலை இடித்தவர் யார், மறுபடி கட்டியவர் யார் என்று கேட்பாரில்லை.

ஆவடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2016இல் அங்கே க. பாண்டியராசன் சா.மு. நாசரை வென்ற வாக்கு வேறுபாடு 1,395. ஐந்தாண்டு கழித்து அதே இருவர், அதே தொகுதி. இம்முறை நாசர் 55,275 வாக்கு வேறுபாட்டில் வென்றார். இந்த ஐந்தாண்டில் ஆவடி மக்களின் சாதி மாறிற்றா? பிறப்பு மாறிற்றா? 2011இல் அப்துல் ரகீமையும், 2016இல் பாண்டியராசனையும், 2021இல் நாசரையும் தேர்ந்தெடுத்த ஊரை எந்தச் சாதிப் பட்டியலில், எந்த மதப் பட்டியலில் அடக்குவது?

பூவிருந்தவல்லியோ தனித்தொகுதி. அங்கே போட்டியிடுவோர் அனைவருமே பட்டியல் சாதியினர். ஆகவே, "வேட்பாளரின் சாதி வென்றது" என்று கூறி ஒதுங்கிவிட முடியாது. கூட்டணிக் கணக்காவது உதவுமா என்றால், 2016இல் தனித்து நின்ற பா.ம.க. 2021இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்தது, தொகுதியும் பா.ம.க.வுக்கே அளிக்கப்பட்டது. கூட்டல் போட்டவர்கள் பெருகும் என்றார்கள். தி.மு.க.வின் ஆ. கிருட்டிணசாமி 94,110 வாக்கு வேறுபாட்டில் வென்றார். ம.தி.மு.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு காரணம். ஆனால் அத்தொகுதி மக்கள் பட்ட பாடு ஒன்றுண்டு. 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவரால் பதவி பறிக்கப்பட்ட 18 உறுப்பினர்களில் பூவிருந்தவல்லி உறுப்பினரும் ஒருவர். 2019 இடைத்தேர்தல் வரை, ஏறத்தாழ 20 திங்கள், அம்மக்களுக்காகச் சட்டமன்றத்தில் பேச ஆளில்லை. சாதிக் கணக்கில் இதற்கு எந்தக் கட்டம்?

சாதியே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. வாடகைக்கு வீடு கேட்டு அம்பத்தூர்த் தெருக்களில் நடந்து பாருங்கள், முன்பணத்துக்கு முன்பே, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்வி வரும். சாதி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. வாக்குச்சாவடிக்குள்ளும் அது நுழையும். ஆனால் அது ஒன்றே நுழைகிறது என்று எழுதுவது ஆராய்ச்சியாகாது, சோம்பலாகும்.

அதற்காக வயிற்றுப்பாட்டை ஒரே சாவியாகக் கொண்டு எல்லாப் பூட்டையும் திறந்துவிடலாம் என்று எண்ணுவதும் பிழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் மூழ்கின. ஆறு திங்கள்கூடக் கழியவில்லை. 2016 மே தேர்தலில் இம்மூன்று தொகுதிகளும் ஆளுங்கட்சிக்கே வாக்களித்தன. ஏன்? எளிய விடை கிடையாது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் உள்ளன. நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் நிறுவனங்களாக மாற்றும் திட்டத்தை எதிர்த்து 2019 ஆகஸ்டில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 2021 அக்டோபரில் அவை 7 நிறுவனங்களாயின. இடையில் வந்ததே 2021 தேர்தல். அந்த அச்சம் எத்தனை வாக்குகளை அசைத்தது என்று தேடாமல், "அலை வீசிற்று" என்று முடித்துவிடுகிறார்கள். மன்னர் காலம் போய் வானிலை வந்துவிட்டது!

இதே ஆவடியில்தான் 1955 சனவரியில் தேபர் தலைமையில் காங்கிரசு கூடி, சமதர்ம பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. பன்னிரண்டே ஆண்டில், 1967இல், தமிழகத்தில் அக்கட்சி ஆட்சியிழந்தது. ஆவடியை உள்ளடக்கிய திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி 2019இலும் 2024இலும் காங்கிரசு வேட்பாளரையே தேர்ந்தெடுத்தது, தி.மு.க. கூட்டணியில் நின்றவரை. இது எவருடைய கோட்டையோ!

ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று காட்டும் 'படிவம் 20' எவரும் பார்க்கக்கூடியது. தொழிற்சாலைக் குடியிருப்பின் சாவடியையும் திருமுல்லைவாயில் தெருவொன்றின் சாவடியையும் அருகருகே வைத்துப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். 2011க்குப் பின் பத்தாண்டுக்கு மேல் நடைபெறாதிருந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022இல் நடந்தபோது, மாநிலத்தில் நூற்றுக்கு 60.7 பேர் வாக்களித்தனர். அம்பத்தூரை உள்ளடக்கிய சென்னை மாநகராட்சியில் 43.6 பேரே. வராதவர்களில் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் உள்ளவர் எத்தனை பேர், வீடு மாறியதால் பெயர் விடுபட்டவர் எத்தனை பேர், பட்டறையில் விடுப்புக் கிடைக்காதவர் எத்தனை பேர், வெறுத்துப்போய் வீட்டில் இருந்தவர் எத்தனை பேர்? படிவத்தில் இதற்கு விடையில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும்.