கழற்றிவிடலாம் என்ற சமாதானம்

பழைய காருக்குப் புதிய ஷாக் அப்சார்பர் மாட்டுவது இப்போது கிட்டத்தட்ட ஒரு சடங்காகிவிட்டது. வண்டி வீட்டுக்கு வந்த மறுமாதமே ஹார்ட்ஃபோர்டு உராய்வுத் தட்டுகளோ ஆர்ம்ஸ்ட்ராங் லீவர்களோ கழன்று அட்டைப் பெட்டிக்குள் போகின்றன. அந்த இடத்தில் பளபளவென்று டெலஸ்கோப்பிக் குழாய்கள் ஏறுகின்றன. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: ஓட்டுவதற்குப் பாதுகாப்பு, வெளியே தெரியாது, வேண்டாமென்றால் நாலு போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்கு வெகுநாள் பிணக்கு.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். உராய்வுத் தட்டுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. சிறு மேடுபள்ளங்களில் தட்டுகள் அசையவே மாட்டா. ஸ்பிரிங் பூட்டிக்கொண்டதுபோல் வண்டி மொத்தமும் அதிரும். லீவர் வகையில் பிஸ்டன் சிறிது, எண்ணெயும் கொஞ்சம். மலைப்பாதையில் சூடேறினால் பிடி தளரும், எண்ணெய் சீல்கள் தேய்ந்தால் ஒழுகும். டெலஸ்கோப்பிக்கில் எண்ணெய் கூடுதல், அழுத்தம் குறைவு. 1950-களில் பிரான்ஸின் தெ கார்போன் வழிசெய்த வாயு அழுத்த முறை வந்தபிறகு எண்ணெய் நுரைக்கும் தொல்லையும் போயிற்று. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. தொழிற்சாலையிலேயே டெலஸ்கோப்பிக்கோடு வந்த காருக்குப் புதிய தலைமுறைக் குழாயைப் போடுங்கள். அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை.

பாதுகாப்பு வாதத்தையும் சட்டென்று முடித்துவிடலாம். 2021-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி வின்டேஜ் பதிவு பெற வண்டி 50 ஆண்டு கடந்ததாகவும் அசல் வடிவிலும் இருக்க வேண்டும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போய்வரும் வண்டிக்கு நெடுஞ்சாலை வேகம் எதற்கு?

ஷாக் அப்சார்பர் அதிர்ச்சியை விழுங்கிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆற்றலை அது வெப்பமாக்குகிறது, உண்மை. விசையை அது எங்கும் மறைத்துவிடுவதில்லை. அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே நின்று அச்சின் துள்ளலைத் தடுக்கும்போது, தடுக்கிற விசை அத்தனையும் சட்டத்தில்தான் போய் இறங்குகிறது. எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் பழையதும் புதியதும் பிரிகின்றன. ஹார்ட்ஃபோர்டின் நடு நட்டை எவ்வளவு இறுக்கியிருக்கிறோமோ அவ்வளவே அதன் உச்ச விசை. வண்டி மெல்ல ஏறி இறங்கினாலும், குழியில் தடாலென்று விழுந்தாலும், தட்டு வழுக்கத் தொடங்கியதும் அதற்குமேல் ஏறாது. வீட்டு மின்பெட்டியில் ஃப்யூஸ் பார்க்கிற வேலை அது.

எண்ணெய் வகையின் குணம் வேறு. சிறு துளை வழியாக எண்ணெயைத் தள்ளும்போது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதை மட்டுப்படுத்தத்தான் நவீனக் குழாய்களுக்குள் அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வுகள் இருக்கின்றன என்று பதில் வரும். இருக்கின்றன. ஆனால் அந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று கணக்கிட்டவர், பெட்டிபோல் வெல்டு செய்த எஃகு உடல் கொண்ட காரை மனத்தில் வைத்துக் கணக்கிட்டார். 1920-களின் காருக்கு அடியில் இருப்பது ‘ப’ வடிவில் மடித்த இரண்டு நீளச் சட்டங்களும், அவற்றைக் குறுக்கே ரிவெட் அடித்துப் பிணைத்த சில தண்டுகளும்தான். ஒரு பக்கம் திறந்த அந்த வடிவம் சுமை தாங்கும், முறுக்கைத் தாங்காது. முறுக்கட்டும் என்று விட்டுத்தான் அன்றைக்கு வண்டி கட்டினார்கள். சார்ல்ஸ் வேமன் முறையில் செய்த உடல்களைப் பாருங்கள்: மரத்தோடு மரம் உரசாதபடி உலோகத் தகடுகளால் இணைத்து, மேலே துணி போர்த்தினார்கள். சட்டம் நெளியும்போது உடலும் நெளிய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

அந்தச் சட்டத்தில் டெலஸ்கோப்பிக்கை எங்கே மாட்டுவது? குழாய்க்கு நீளம் வேண்டும். பழைய வண்டியில் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி குறைவு. நிமிர்த்தி வைக்க இடமிருக்காது. ஒன்று, சட்டத்துக்குமேல் உயரமாக ஒரு பிராக்கெட் எழுப்ப வேண்டும். அது ஒவ்வொரு குழியிலும் நெம்புகோலாகி, முறுக்குத் தாங்காத அதே சட்டத்தை முறுக்கும். இல்லையென்றால் குழாயைச் சாய்க்க வேண்டும். 45 பாகை சாய்த்தால் சக்கரத்துக்குக் கிடைக்கும் தணிப்பு பாதியாகிவிடும். வண்டி இன்னும் துள்ளுகிறதே என்று உரிமையாளர் இன்னும் கெட்டியான குழாயைத் தேடுவார். சட்டத்தின்மேல் பக்கவாட்டு விசையும் சேர்ந்துகொள்ளும். இப்படிச் செய்துவிட்டு ‘என்ன பிடிமானம்!’ என்று மெச்சிக்கொள்பவர்கள், அந்தப் பிடிமானத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பதில்லை.

வின்டேஜ் காலத்தைத் தாண்டிவந்தாலும் கதை மாறுவதில்லை. 1948-இல் வந்த மோரிஸ் மைனரிலும், 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி.யிலும் முன்பக்க ஷாக் அப்சார்பரின் லீவர் கையே சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கை. அதைத் தூக்கி எறிய முடியாது. ஆகவே சில கிட்டுகளில் பழைய லீவரின் வால்வை எடுத்துவிட்டு வெறும் கையாக விட்டு, பக்கத்தில் டெலஸ்கோப்பிக்கைத் தொங்கவிடுகிறார்கள். ஒழுகுகிறது, தேய்கிறது என்று குற்றம் சாட்டப்பட்ட அதே உறுப்பு, உள்ளே தேய்ந்த பேரிங்கோடு, சக்கரத்தைத் தாங்கி நிற்கிறது. பழையது போய்விட்டது என்று காசு கொடுத்தவர் மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இனி அந்த நாலு போல்ட். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு வகுத்த டூரின் சாசனம், காலத்துக்குப் பொருந்தாத மாற்றங்களைக் குறைத்துக்கொள்ளவும் திரும்ப மாற்றக்கூடியதாகச் செய்யவும் சொல்கிறது. ‘திரும்ப மாற்றக்கூடியது’ என்பதைப் பலர் ஸ்பேனரால் அளக்கிறார்கள். பிராக்கெட் கழலும். அதற்காகத் துளைத்த ஓட்டை கழலுமா? ஓட்டையின் விளிம்பில்தான் தகைவு குவியும். அங்கிருந்துதான் மயிரிழை விரிசல் கிளம்பும். பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்ந்த எஃகில் ஏறும் களைப்பு, குழாயைக் கழற்றிய அன்று இறங்கிவிடுவதில்லை. தளர்ந்த ரிவெட்டும் தானாக இறுகாது. வருகிற உரிமையாளர் அட்டைப் பெட்டியைத் திறந்து அசல் ஹார்ட்ஃபோர்டை மாட்டுவார். மாட்டுகிற சட்டம் அசல் சட்டமாக இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழையதையும் புதியதையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் செத்த பழையதைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஸ்பிரிங் பட்டைகளும் ஒன்றோடொன்று உரசித் தணிப்பு வேலையில் ஒரு பங்கைச் செய்பவை. அவை துருவேறி ஒட்டிக் கிடக்கும். உராய்வுத் தட்டில் கிரீஸ் ஏறியிருக்கும். லீவரில் எண்ணெய் வற்றிப் பல வருஷம் ஆகியிருக்கும். இவற்றுக்கு எதிரே புத்தம்புதுக் குழாயை நிறுத்தினால் தீர்ப்பு என்னவாகும்?

ஆகவே, வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டைகளைப் பிரித்துத் துருவெடுத்து கிரீஸ் வையுங்கள். தட்டுகளைப் புதிதாக வெட்டிப் போட்டு, நட்டை இரு பக்கமும் ஒரே அளவாக இறுக்குங்கள். லீவரைச் சீல் மாற்றிப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கிங் பின்னையும் டயர் காற்றையும் சரிபாருங்கள். அதற்குப் பிறகும் 90 கிலோமீட்டர் வேகத்தில் துள்ளுகிறது என்றால் 60-இல் ஓட்டுங்கள். 90-இல்தான் போக வேண்டுமென்றால் அதற்கு வேறு கார் எடுத்துக்கொள்ளுங்கள்.