நடுவே விடுபடும் சிலி

2018ஆம் ஆண்டில் பார்க்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் லோன்லி பிளானட் சிலிக்கு முதலிடம் கொடுத்தது. அதற்கு முன்பே புழங்கிவந்த ஒரு பயணத் திட்டம் இன்று கிட்டத்தட்ட விதியாகவே ஆகிவிட்டது. மூன்று வாரம். சாண்டியாகோவில் இறங்கி இரண்டு நாள், பக்கத்துத் துறைமுகமான வால்பராய்ஸோவுக்கு ஒரு நாள். வடக்கே கலாமாவுக்குப் பறந்து அட்டகாமா பாலைவனம். மறுபடி சாண்டியாகோ. தெற்கே புந்தா அரேனாஸுக்குப் பறந்து தோரெஸ் தெல் பைனே. காசும் நாளும் மிஞ்சினால் ஈஸ்டர் தீவு. முகவர்கள் விற்பதும் இதுதான், போய்வந்தவர்கள் அடுத்தவருக்குச் சொல்வதும் இதுதான்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எல்லோருக்கும் தெரிந்தது. நாடு வடக்கிலிருந்து தெற்காக 4,300 கிலோமீட்டர் நீளம். அகலம் சராசரியாக 180 கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு முனையில் உலகின் மிக வறண்ட பாலைவனம், மறுமுனையில் பனியாறுகள். வாழ்நாளில் ஒருமுறை அவ்வளவு தூரம் போகிறவர் இரண்டையும் பார்க்காமல் திரும்பலாமா? தரைவழியாகப் போனால் நாளெல்லாம் சாலையிலேயே கழிந்துவிடாதா?

நியாயம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவருக்குப் போகவரவே மூன்று நான்கு நாள் போய்விடும். தெற்கே வில்லா ஓ’ஹிகின்ஸோடு சாலை நின்றுவிடுகிறது. அதற்கப்பால் பெரும் பனிவெளி. அங்கிருந்து பைனேயின் வாசலான புவெர்த்தோ நத்தாலெஸுக்குச் சிலி மண்ணிலேயே போய்ச் சேரச் சாலை கிடையாது. கப்பல் ஏற வேண்டும், அல்லது அர்ஜென்டினா வழியாகச் சுற்ற வேண்டும். அங்கே விமானம் ஏறுகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. அட்டகாமாவின் இரவு வானமும் பைனேயின் கருங்கல் கோபுரங்களும் கேள்விப்பட்டதற்குக் குறையாதவை.

நடைமுறைச் சிக்கல்களையும் சட்டென்று சொல்லிவிடலாம். பைனே இருக்கும் பதகோனியாவில் நடக்கத் தோதான காலம் சிலியின் கோடை. அதே ஜனவரி, பிப்ரவரியில்தான் அட்டகாமாவின் மேட்டுநிலங்களில் மழை இறங்கிச் சாலைகளை அடைக்கிறது. அட்டகாமாவில் பயணிகள் தங்கும், கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்திலுள்ள சான் பெத்ரோவுக்கு வந்த மறுநாளே, 4,300 மீட்டரில் இருக்கும் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளுக்கு விடியுமுன் ஏறச் சொல்கிற திட்டங்கள் உண்டு. தலைவலியும் வாந்தியுமாகத் திரும்புகிறவர்களும் உண்டு. பைனேயில் தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். அங்கே அடிக்கும் காற்றோ யாருடைய பதிவையும் பார்த்து அடிப்பதில்லை. ஒரு நாள் தவறினால் பின்னால் வரும் எல்லாம் சரியும்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு. இந்தத் திட்டம் நாட்டின் நீளத்தை ஒரு தடையாக எண்ணுகிறது. கடக்க வேண்டிய தொலைவு, விமானத்தில் தூங்கிக் கழிக்க வேண்டிய இரண்டு மணி, மூன்றரை மணி நேரம் என்று மட்டுமே அதைப் பார்க்கிறது. சிலியின் பெரிய அதிசயமே அந்த நீளம்தான். பாலை எப்படிப் புதராகிறது, புதர் எப்படித் திராட்சைத் தோட்டமாகிறது, தோட்டம் எங்கே மழைக்காடாகிறது, காடு எங்கே உடைந்து தீவுகளாகச் சிதறுகிறது என்பதை ஒரே திசையில் போய்க்கொண்டே பார்க்கக் கிடைக்கும் நாடு இது. இரு முனைகளை மட்டும் பார்த்தவருக்கு இரண்டு வேறு நாடுகளின் படங்கள் கிடைக்கும், சிலி கிடைக்காது.

ஃப்ரே ஹோர்ஹே என்ற தேசியப் பூங்கா ஓவால்யே நகருக்கு மேற்கே, கடலோரத்தில் இருக்கிறது. சுற்றிலும் கள்ளிச்செடி விளைகிற வறண்ட பூமி. ஆனால் கடலைப் பார்த்த மலைமுகட்டில் பெரணியும் பாசியும் அடர்ந்த ஒரு சிறு காடு நிற்கிறது. மழை சொற்பம்; பசிபிக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனியைக் குடித்தே அது உயிர்வாழ்கிறது. அதன் உறவுக்காடுகள் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, வால்டிவியா பக்கம் இருக்கின்றன. ஈரமான ஒரு பழைய காலம் வடக்கில் விட்டுப்போன மிச்சம் இது. வறண்ட சாலையில் அரை நாள் வந்தவருக்கே அந்தக் காடு ஏன் வியப்பு என்பது புரியும். விமானத்தில் போகிறவருக்கு அது ஜன்னலுக்குக் கீழே ஒரு மேகம்.

மனிதர்கள் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே மப்புச்சே மக்களின் நிலம். 1641இல் கிலின் உடன்படிக்கையில் ஸ்பெயின் அந்த ஆற்றை எல்லையாக ஏற்றது. அந்த நிலத்தை 1861 முதல் 1883 வரை படையெடுத்துப் பிடித்தது சுதந்திரச் சிலி. 2017 கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை மப்புச்சே என்று பதிந்திருக்கிறார்கள். நிலம் யாருடையது என்பது இன்றும் அந்நாட்டு அரசியலில் தீராத வழக்கு. மூன்று வாரம் சிலியில் சுற்றிவிட்டு இதைப் பற்றி ஒரு வார்த்தை கேள்விப்படாமல் திரும்ப முடிகிறது என்றால், அந்தத் திட்டத்தைக் கெட்டிக்காரத்தனம் என்று எப்படிச் சொல்வது?

பாப்லோ நெரூதாவை மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்த தமிழ் வாசகர் பலர். கொழும்பு வெள்ளவத்தையில் அவர் தூதரக அதிகாரியாக வாழ்ந்ததும் பலருக்குத் தெரியும். சிலி போகிறவர்கள் வால்பராய்ஸோவில் அவர் வீட்டைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் கவிதைக்குள் ஓயாமல் பெய்யும் மழையோ அவர் வளர்ந்த தெமுக்கோவின் மழை. தந்தை அங்கே சரளைக்கல் ரயிலில் வேலை பார்த்தார். இன்று அவ்வூரின் ரயில் அருங்காட்சியகம் கவிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞர் கபிரியேலா மிஸ்த்ரால் 1920இல் தலைமையாசிரியையாக வந்ததும், பதின்வயது நெரூதா அவரைச் சந்தித்ததும் அதே ஊரில்தான். இரு முனைத் திட்டத்தில் தெமுக்கோவுக்கு ஒரு பிற்பகல்கூட இல்லை.

இன்னும் தெற்கே வால்டிவியா. 1960 மே 22 அன்று அங்கே 9.5 அளவில் நிலம் நடுங்கியது; கருவிகள் பதிந்தவற்றில் இதைவிடப் பெரிய நிலநடுக்கம் இல்லை. அன்று இறங்கிய நிலத்தில் ஆற்றுநீர் ஏறி உருவான சதுப்பில் இப்போது கருங்கழுத்து அன்னங்கள் மேய்கின்றன. நாட்டு மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் சாண்டியாகோ பகுதியில் வாழ்கிறார்கள். எஞ்சியோரிலும் பெரும்பாலோர் இந்த நடுப்பகுதியில்தான். சான் பெத்ரோவிலும் நத்தாலெஸிலும் ஒரு பயணி சந்திப்பது பெரும்பாலும் இன்னொரு பயணியை.

முனைகளையாவது இந்தத் திட்டம் முழுசாகக் காட்டுகிறதா என்றால், அதுவும் இல்லை. அட்டகாமாவை அது ஆளில்லாத நிலவாகக் காட்டுகிறது. வெடியுப்பால் செல்வம் கொழித்த ஹம்பர்ஸ்டோன் போன்ற ஊர்களும், 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் சிறைமுகாமாக மாறிய சக்கபுக்கோவும் அதே பாலையில்தான் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் எலும்புகளைத் தேடிப் பெண்கள் இந்த மணலில் ஆண்டுக்கணக்காக நடந்ததை பத்ரிசியோ குஸ்மானின் 2010ஆம் ஆண்டு ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. கலாமாவில் இறங்கியதும் நேரே சான் பெத்ரோவுக்கு வண்டி ஏறுகிறவரின் வழியில் இவை எதுவும் வருவதில்லை.

வேண்டியதெல்லாம் பாதி நாட்டை விட்டுக்கொடுக்கும் மனம். சாண்டியாகோவிலிருந்து தரைவழியாக வடக்கே போனால் எல்கி பள்ளத்தாக்கு, கோப்பியாப்போ, ஹம்பர்ஸ்டோன், கடைசியில் அரிக்கா அருகே எகிப்துக்கும் முந்திய, பாடம்செய்யப்பட்ட சிஞ்சோரோ உடல்கள் என்று மூன்று வாரம் நிறைந்துவிடும். தெற்கே போனால் சாண்டியாகோவில் இரவுப் பேருந்து ஏறிக் காலையில் தெமுக்கோ. அரௌக்காரியா மரங்கள் நிற்கும் கொங்கில்யீயோ, வால்டிவியா, சிலோயே தீவின் மரத் தேவாலயங்கள். அதன்பின் 1976இல் வேலை தொடங்கிய கராத்தேரா அவுஸ்த்ரால் சாலை. மொத்தம் 1,240 கிலோமீட்டர். நடுநடுவே சாலை கடலில் முடிந்து படகில் தொடரும். சில ஊர்களுக்குத் தினமும் பேருந்து கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். 2008இல் எரிமலை வெடித்து, சேற்று வெள்ளத்தில் பாதி புதைந்த சைத்தேன் இந்த வழியில்தான் வருகிறது. திரும்பக் குடியேறியவர்களிடம் உட்கார்ந்து பேச அந்தக் காத்திருப்பு நேரம் தருகிறது.

இதில் தோரெஸ் இல்லை. அது இழப்புதான். ஆனால் பைனேக்கு ஒதுக்கும் அந்த ஒரு வாரத்தில் சிலோயேயிலிருந்து அந்தச் சாலையிலுள்ள கோய்யைக்கே வரை நிதானமாகவே போய்விடலாம். பக்கத்து பால்மசேதாவிலிருந்து சாண்டியாகோ திரும்ப விமானம் இருக்கிறது. இந்த வழியில் உள்நாட்டு விமானம் அது ஒன்றுதான். எல்லோரும் பரிந்துரைக்கும் திட்டத்தில், ஈஸ்டர் தீவைச் சேர்க்காமலேயே, நான்கு.